நாடுகடத்தலும் நீதியும்: புலம்பெயர் தமிழர் குடும்ப வன்முறை பற்றிய குடிவரவுச் சட்டங்கள் - ஒரு வரலாற்று நோக்கு

மனைவியை அடித்துத் துன்புறுத்திய குற்றத்திற்காகத் தண்டிக்கப்படும் ஒருவன் அந்நாட்டின் பிரசையாயின், சிறையிலிருந்து வெளிவந்ததும் தன் வீதிக்கும் வேலைக்கும் திரும்புகின்றான். அவன் பிரசையல்லாதவனாயின் சிறைவாயிலில் இன்னொரு சட்டம் அவனை எதிர்கொள்கின்றது. குடிவரவுச் சட்டம் எனப்படும் அச்சட்டம் அவனுடைய வதிவுரிமையைப் பறித்து, அவன் பிறந்த நாட்டிற்கே அவனை அனுப்பிவைக்கின்றது. குற்றம் ஒன்றேயாயினும் விளைவு இரண்டாகின்றது. இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது, அது யாரைக் காத்தது, யாரைக் காக்கத் தவறியது என்பன இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

இவ்வரலாற்றைக் கனடா, பிரித்தானியா முதலிய நாடுகளின் சட்டநூல்களில் மட்டும் தேடுதல் போதாது. புலம்பெயர்ந்தோர் புறப்பட்ட ஊர்களிலிருந்தும் அதனை நோக்குதல் வேண்டும். ஏனெனில், நாடுகடத்தப்படுபவன் வெறுவெளியில் இறக்கிவிடப்படுவதில்லை. ஏதோ ஓர் ஊருக்கே அவன் வந்து சேர்கின்றான். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை செல்லும் வீதியில், வடமராட்சியின் சந்தை நகராக விளங்கும் நெல்லியடி அத்தகைய ஊர்களுள் ஒன்றாகும். நெல்லியடியையும் அதனைச் சூழ்ந்த கரவெட்டி முதலிய ஊர்களையும் சேர்ந்த குடும்பங்கள் பல இன்று இரு நாடுகளிலும் மூன்று நாடுகளிலுமாகப் பிரிந்து வாழ்கின்றன. ஆதலால், தொலைநாட்டு நீதிமன்றம் ஒன்று இடும் கட்டளை இவ்வூர்களின் வீட்டு முற்றம்வரை வந்து சேரும் இயல்புடையது.

ஊரும் திருமண முறையும்

யாழ்ப்பாணத் தமிழரின் திருமண உறவுகளையும் சொத்துரிமையையும் நெறிப்படுத்திய தேசவழமையை 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார். பின்னர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தின் மூலம் பிரித்தானியர் அதற்குச் சட்டவலு அளித்தனர். பெண்ணுக்குச் சீதனமாகக் காணியும் வீடும் கொடுத்தலும், மணமான பின் கணவன் பெண்வீட்டில் அல்லது அதன் அயலில் வந்து வாழ்தலும் இச்சமூகத்திற் பெருவழக்காக இருந்தன. இதனாற் பெண்ணின் பெற்றோரும் சகோதரரும் அம்மான்மாரும் கூப்பிடு தூரத்திலேயே வாழ்ந்தனர்.

இவ்வமைப்பினால் வன்முறை இல்லாது போயிற்று என்று கொள்ளுதல் தவறாகும். வன்முறை நிகழ்ந்தது, அது பெரும்பாலும் மூடிமறைக்கப்பட்டது, "குடும்பமானம்" என்ற பெயரால் பெண்ணே பொறுத்துப்போகும்படி புத்தி கூறப்பட்டாள். ஆயினும் கணவன் வாழ்ந்தது மனைவியின் வீட்டில். அவன் கை ஓங்கினால் வேலிக்கு அப்பால் ஒரு செவி கேட்டது. மாமனும் மைத்துனனும் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வரக்கூடிய நிலை ஒன்றிருந்தது. சட்டம் தராத காப்பினை ஓரளவுக்கேனும் இருப்பிடம் தந்தது எனலாம்.

மறுபுறத்தில், அதே வழமை பெண்ணின் கைகளைக் கட்டியும் வைத்தது. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், முதுசொம் கட்டளைச் சட்டம், மனைவி தன் அசையாச் சொத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என விதித்தது. கணவன் நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம் என்ற வழியும் அதில் இருந்தது. எனினும் அடிப்படைக் கொள்கை தெளிவானது: சொத்து அவளுடையது, கையொப்பம் அவனுடையது. இக்கொள்கை வேறோர் உருவத்தில் கடல் கடந்த நாடுகளிலும் அவளை எதிர்கொண்டது என்பதைப் பின்னர்க் காணலாம்.

புலப்பெயர்வும் தனிமையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் யாழ்ப்பாணத்தவர் எழுதுவினைஞராகவும் புகையிரதப் பகுதி உத்தியோகத்தராகவும் மலாயா சென்றனர். அப்பெயர்வு பிரித்தானியப் பேரரசின் எல்லைக்குள்ளேயே நிகழ்ந்தது. ஓய்வூதியத்துடன் ஊர் திரும்புதல் அதன் இயல்பான முடிவாக எண்ணப்பட்டது.

1983ஆம் ஆண்டின் யூலைப் படுகொலைகளின் பின்னர் ஏற்பட்ட பெயர்வு இதனின்றும் முற்றிலும் வேறுபட்டது. 1987 மே மாத இறுதியில் வடமராட்சியில் இராணுவம் பெருநடவடிக்கையைத் தொடங்கியது. அதே ஆண்டு யூலை 5ஆம் நாள் நெல்லியடி மத்திய மகா வித்தியாலயத்தில் அமைந்திருந்த படைமுகாம் தாக்கப்பட்டது. பாடசாலையே போர்க்களமான ஊரிலிருந்து இளைஞர் வெளியேறியமை வியப்பன்று. 1985ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் கனடிய உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில், அகதிக் கோரிக்கையாளர் நேரிற் கேட்கப்படும் உரிமையுடையவர் எனத் தீர்ப்பளித்தது. 1986 ஆகஸ்ட் 11ஆம் நாள் 155 தமிழர் உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அண்மையில் மீன்பிடிப்போராற் காப்பாற்றப்பட்டனர். இவ்வாறாகக் கனடா ஈழத்தமிழரின் முதன்மையான புகலிடங்களுள் ஒன்றாயிற்று.

முதலிற் சென்றோரிற் பெரும்பாலோர் ஆண்கள். அவர்கள் நிலைபெற்ற பின்னர் ஊரிலிருந்து மணமகளை அழைத்தனர். "வெளிநாட்டு மாப்பிள்ளை" என்ற தொடர் இக்காலத்திலேயே பேச்சுவழக்கிற் பதிந்தது. நிழற்படம் பார்த்து நிச்சயிக்கப்பட்ட திருமணங்களும், சிங்கப்பூரிலோ இந்தியாவிலோ தாலி கட்டி நிறைவேறிய திருமணங்களும் பலவாகும்.

இதனால் நேர்ந்த மாற்றம் ஆழமானது. ஊரில் மணமகன் பெண்ணின் வீட்டுக்கு வந்தான். இப்போது பெண் மணமகனின் வீட்டுக்குச் சென்றாள். அதுவும் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், மொழி தெரியாத நகரில், பனிக்காலத்தில் யன்னல்கள் அடைத்த மாடிக் குடியிருப்பொன்றிற்குச் சென்றாள். வேலிக்கு அப்பாற் கேட்ட செவி அங்கில்லை. படலையைத் திறந்து வரும் மைத்துனன் இல்லை. அவளுக்கு அந்நாட்டில் வாழும் உரிமையே, "ஸ்பொன்சர்" என மக்கள் வழங்கும் பொறுப்பேற்பின் வழியாகக் கணவனின் கையொப்பத்தினால் வந்தது. ஊரில் அவள் காணிக்கு வேண்டியிருந்த கையொப்பம் இங்கு அவள் இருப்பிற்கே வேண்டியதாயிற்று.

சட்டத்தின் இரு வேர்கள்

குடும்ப வன்முறை தொடர்பான குடிவரவுச் சட்டங்கள் இரு பழைய வேர்களிலிருந்து வளர்ந்தவை. முதலாவது, தீய அந்நியனை வெளியேற்றுதல் என்ற கொள்கை. ஐக்கிய அமெரிக்கா 1891ஆம் ஆண்டின் சட்டத்தினால் ஒழுக்கக்கேடான குற்றம் புரிந்தோர் நாட்டினுட் புகுவதைத் தடுத்தது. 1917ஆம் ஆண்டின் சட்டம், நாட்டினுட் புகுந்து ஐந்து ஆண்டுகளுக்குள் அத்தகைய குற்றம் புரிந்து ஓராண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றோரை வெளியேற்றவும் வழிசெய்தது. எனினும் அக்காலச் சட்டத்தின் கண்ணில் ஒழுக்கக்கேடு எனப்பட்டவை களவு, மோசடி, கொலை போன்றவையே. வீட்டுக்குள் மனைவிக்கு விழும் அடி பெரும்பாலும் குற்றமாகவே கணிக்கப்படவில்லை.

இரண்டாவது, மனைவியின் நிலை கணவனின் நிலையைப் பின்பற்றும் என்ற கொள்கை. பிரித்தானியாவில் 1870ஆம் ஆண்டின் சட்டப்படி அந்நியனை மணந்த பெண் தன் பிரித்தானியக் குடியுரிமையை இழந்தாள். 1948ஆம் ஆண்டின் சட்டமே இந்நிலையை முற்றாக மாற்றியது. அமெரிக்காவில் 1922ஆம் ஆண்டின் கேபிள் சட்டம் இம்மாற்றத்தைத் தொடக்கிவைத்தது. இலங்கையும் இதற்கு விலக்கன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வம்சாவழிக் குடியுரிமையைத் தந்தை வழியாகவே கணித்தது. தாய்வழியாகவும் பிள்ளை குடியுரிமை பெறலாம் என்ற நிலை 2003ஆம் ஆண்டின் திருத்தத்தினாலேயே வந்தது.

குடியுரிமைக் கடதாசி ஒன்று மனித வாழ்வை எவ்வாறு பிளக்கக்கூடும் என்பதை இலங்கைத் தமிழர் அந்நியரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டில் மலையகத் தமிழர் குடியுரிமை இழந்தனர். 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பிரிக்கப்பட்ட அக்குடும்பங்கள் எக்குற்றமும் செய்தவையல்ல. குற்றமில்லாதோரை அனுப்பிய அநீதியை அறிந்த சமூகம், குற்றம் புரிந்தவனை அனுப்புதல் நீதியாகுமா என்ற வினாவையும் பொறுமையுடன் ஆராயக் கடமைப்பட்டுள்ளது.

வீட்டுக்குள் நுழைந்த சட்டம்

1980களில் இவ்விடயத்திற் பெரும் மாற்றம் ஏற்பட்டது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள இலண்டன் நகரப் பொலிஸார் 1981ஆம் ஆண்டில், மனைவியைத் தாக்கும் கணவன்மார் மீது பொலிஸாரே குற்றஞ்சாட்டும் நடைமுறையை மேற்கொண்டனர். பின்னர் இது நாடெங்கும் பரவியது. 1983 சனவரியில் நடைமுறைக்கு வந்த குற்றவியற் சட்டத் திருத்தம் கணவன் மனைவியைப் பாலியல் வன்முறைக்கு உட்படுத்துதலையும் குற்றமாக்கியது. இங்கிலாந்தில் இதே கொள்கை 1991ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபையின் தீர்ப்பினால் நிலைபெற்றது. இலங்கையில் 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம், நீதிமன்றத்தாற் பிரித்துவைக்கப்பட்ட மனைவியின் விடயத்தில் மட்டுமே கணவனைப் பாலியல் வன்புணர்வுக் குற்றத்திற்கு உட்படுத்தியது.

ஈண்டு ஒரு வேறுபாடு கவனிக்கற்பாலது. ஊரில் ஒரு பெண் பொலிஸ் நிலையம் சென்று முறையிட்டால், உறவினர் கூடிச் சமாதானம் பேசி முறைப்பாட்டை மீளப்பெறச் செய்வது வழக்கம். கனடாவிலோ பொலிஸார் குற்றஞ்சாட்டிய பின் வழக்கை நடத்துவதா விடுவதா என்பதைத் தீர்மானிப்பவர் அரசதரப்பு வழக்கறிஞர். முறையிட்ட பெண் அல்லள். அன்றிரவு அடி நின்றாற் போதும் என எண்ணித் தொலைபேசியை எடுத்தவள், தான் நிறுத்த முடியாத ஒரு பொறியை இயக்கிவிட்டதை மறுநாளே உணர்ந்தாள். அப்பொறியின் மறுமுனை குடிவரவுத் திணைக்களத்துடன் இணைந்திருந்தது.

இவ்விணைப்பை வெளிப்படையாகச் செய்த முதன்மையான சட்டம் 1996ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இயற்றப்பட்ட குடிவரவுச் சீர்திருத்தச் சட்டமாகும். குடும்ப வன்முறை, பின்தொடர்ந்து அச்சுறுத்தல், பிள்ளைகளைத் துன்புறுத்தல் அல்லது கவனியாதுவிடல், பாதுகாப்புக் கட்டளையை மீறுதல் ஆகியவற்றை அது நாடுகடத்தலுக்குரிய தனிக் காரணங்களாக்கியது.

கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம் 2002 யூன் 28இல் நடைமுறைக்கு வந்தது. அது குடும்ப வன்முறை என்ற பெயரைச் சுட்டாது, தண்டனையின் அளவைக்கொண்டே கணக்கிடுகின்றது. பத்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட உச்சத் தண்டனைக்குரிய குற்றத்திற்காகவோ, ஆறு மாதத்திற்கு மேற்பட்ட சிறைத்தண்டனையினாலோ நிரந்தர வதிவாளர் ஒருவர் "பாரதூரமான குற்றவாளி" ஆகின்றார். ஆயுதத்தினால் தாக்குதல், உடற்காயம் விளைவித்தல், பாலியல் தாக்குதல் என்பன இவ்வகுப்பில் அடங்கும். அத்தகைய வழக்கில் நீதிபதி விதித்த தண்டனை எவ்வளவு சிறிதாயினும் வதிவுரிமை ஆபத்துக்குள்ளாகும். மாணவர், தற்காலிகத் தொழிலாளர் ஆகியோருக்கு இதனிலும் தாழ்ந்த வரம்பே போதுமானது. சாதாரண தாக்குதற் குற்றம் ஒன்றே அவர்களை வெளியேற்ற வல்லது. 2013 யூனில் நடைமுறைக்கு வந்த திருத்தம், ஆறு மாதமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவரின் மேன்முறையீட்டு உரிமையையும் நீக்கியது. அதற்கு முன்னர் அவ்வரம்பு இரண்டு ஆண்டுகளாக இருந்தது.

இதன் விளைவாகச் சிறைத்தண்டனையின் ஒரு நாளுக்கும் பெருமதிப்பு உண்டாயிற்று. 2013 மார்ச்சில் கனடிய உச்ச நீதிமன்றம் பாம் என்பவரின் போதைப்பொருள் வழக்கில் இரண்டு ஆண்டுத் தண்டனையை ஒரு நாளாற் குறைத்தது. அந்த ஒரு நாள் அவருக்கு மேன்முறையீட்டு உரிமையை மீட்டுக்கொடுத்தது. குடிவரவு விளைவுகளைத் தண்டனை விதிக்கும்போது கருத்திற் கொள்ளலாம், ஆயினும் தண்டனை குற்றத்திற்கு ஒவ்வாததாகிவிடக் கூடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2010ஆம் ஆண்டின் பதில்யா வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொள்வதால் நாடுகடத்தல் நேரும் என்பதைக் கட்சிக்காரருக்கு அறிவுறுத்தல் வழக்கறிஞரின் கடமை எனக் கூறியது.

ஏனைய நாடுகளும் இதே திசையிற் சென்றன. பிரித்தானியாவின் 2007ஆம் ஆண்டுச் சட்டம் பன்னிரண்டு மாதம் அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்ற வெளிநாட்டவரை, சில விலக்குகளுக்கு அமைய, நாடுகடத்துதலை அரசின் கடமையாக்கியது. ஈழத்தமிழர் பெருந்தொகையாக வாழும் சுவிற்சர்லாந்தில் 2010 நவம்பர் 28இல் நடைபெற்ற மக்கள் வாக்கெடுப்பு, குற்றம் புரிந்த வெளிநாட்டவரை வெளியேற்றும் முன்மொழிவை ஏற்றது. அதற்கமைந்த சட்டம் 2016 ஒக்டோபர் தொடக்கம் பாலியல் வன்புணர்வு உள்ளிட்ட குற்றங்களுக்குக் கட்டாய வெளியேற்றத்தை விதித்தது. அவுஸ்திரேலியா 2014ஆம் ஆண்டின் திருத்தத்தினால், பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கப்பட்டுச் சிறையிலிருப்போரின் விசாவைக் கட்டாயமாக இரத்துச்செய்யும் முறையைக் கொணர்ந்தது. 2021 ஏப்பிரலில் அந்நாட்டு அமைச்சரின் பணிப்புரை, விசாவை இரத்துச்செய்வது பற்றி முடிவெடுக்கையிற் குடும்ப வன்முறையை முதன்மைக் காரணிகளுள் ஒன்றாக வகுத்தது.

முறையிடாத பெண்

இச்சட்டங்களின் நோக்கம் பெண்ணைக் காத்தல் எனக் கூறப்படுகின்றது. அந்நோக்கத்தை ஐயுறல் வேண்டியதில்லை. மனைவியின் எலும்பை முறித்தவன் அந்நாட்டில் விருந்தினனாக நீடிக்கத் தகுதியற்றவன் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அவன் வெளியேற்றப்பட்டதனால் அச்சமின்றி உறங்கத் தொடங்கிய பெண்களும் உளர். எனினும் சட்டம் இயங்கும் முறையை உள்ளிருந்து நோக்கின், அதன் கூர்முனை பல வேளைகளிற் பெண்ணையே நோக்கித் திரும்பியிருத்தல் புலப்படும்.

கணவன் நாடுகடத்தப்பட்டால் வாடகை கொடுப்பவர் யார்? பிள்ளைகள் தந்தையை எங்கே காண்பர்? ஊரில் இருக்கும் மாமியாரும் மைத்துனிமாரும் "எங்கள் பிள்ளையைப் பிடித்துக்கொடுத்தவள்" என்று அவளையும், அவளைப் பெற்றவர்களையும் எவ்வளவு காலம் தூற்றுவர்? கணவன் போர்க்காலத்தில் தப்பி ஓடிவந்தவனாயின், திருப்பி அனுப்பப்பட்டால் அவன் உயிருக்கு என்ன நேரும்? இவ்வினாக்கள் அனைத்தும் தொலைபேசியை எடுக்கும் கையைத் தடுப்பவை. தண்டனை கடுமையாகக் கடுமையாக முறைப்பாடு அரிதாகும் என்பதே இதன் முரண். அதற்கு மேல், கணவன் தன் வாயாற் சொல்லும் மிரட்டல் ஒன்றும் உண்டு: "நான் கையெழுத்து வைத்துத்தான் நீ இங்கே வந்தாய், நான் நினைத்தால் உன்னைத் திருப்பி அனுப்புவேன்."

இம்மிரட்டல் எவ்வளவு காலத்திற்கு உண்மையாக இருந்தது என்பதே குடிவரவுச் சட்ட வரலாற்றின் மறுபக்கம் ஆகும். அவுஸ்திரேலியா 1991ஆம் ஆண்டிலேயே, வன்முறையினால் மணவுறவு முறிந்த பெண் தன் விண்ணப்பத்தைத் தொடரலாம் என விதி செய்தது. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டின் பெண்களுக்கெதிரான வன்முறைச் சட்டம், துன்புறுத்தப்பட்ட மனைவி கணவனின் உதவியின்றித் தானே வதிவுரிமைக்கு மனுச்செய்ய இடமளித்தது. 2000ஆம் ஆண்டிற் குற்றத்தினாற் பாதிக்கப்பட்டுப் பொலிஸாருக்கு உதவுவோருக்கெனத் தனி விசா ஒன்று ஏற்படுத்தப்பட்டது. தற்காத்துக்கொள்வதற்காகத் திருப்பி அடித்துத் தானும் கைதான பெண்ணை நாடுகடத்தலிலிருந்து விலக்கும் ஏற்பாடும் அவ்வாண்டிலேயே செய்யப்பட்டது. 1996ஆம் ஆண்டின் கடுஞ்சட்டம் பாதிக்கப்பட்டவளையும் சேர்த்து வீழ்த்தியது என்பதற்கு இத்திருத்தமே சான்றாகும்.

பிரித்தானியாவில், மணமகளாக வந்த பெண் முதலாண்டு முடியுமுன் கணவனைப் பிரிந்தால் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்ற விதி நீண்டகாலம் இருந்தது. 1979ஆம் ஆண்டில் தோன்றிய சவுத்தோல் கறுப்பினச் சகோதரிகள் என்னும் பெண்கள் அமைப்பு இதனை எதிர்த்துப் போராடியது. அதன் பயனாக 1999இற் சலுகையாகவும் 2002இல் விதியாகவும், வன்முறைக்குள்ளான மனைவி நிரந்தர வதிவுரிமை பெற வழி பிறந்தது. கையிற் காசின்றி வெளியேறும் பெண்ணுக்கு அரச உதவி பெற இடமளிக்கும் சலுகை 2012இல் ஏற்பட்டது.

கனடா அதே 2012ஆம் ஆண்டில் எதிர்த்திசையிற் சென்றமை குறிப்பிடத்தக்கது. போலித் திருமணங்களைத் தடுத்தற்பொருட்டு, மணமாகிக் குறுகிய காலமேயான, பிள்ளைகள் இல்லாத தம்பதியருள் பொறுப்பேற்கப்பட்டவர் இரண்டு ஆண்டுகள் துணைவருடன் சேர்ந்து வாழ்ந்தாலே வதிவுரிமை நிலைக்கும் என அவ்வாண்டு ஒக்டோபரில் விதிக்கப்பட்டது. வன்முறைக்குள்ளானோருக்கு விலக்கு உண்டு எனினும், அதனை நிறுவும் சுமை மொழி அறியாத பெண்ணின் தலையில் விழுந்தது. 2017 ஏப்பிரலில் இவ்விதி நீக்கப்பட்டது. 2019இல் வன்முறைக்குள்ளான, வதிவுரிமை இல்லாதோருக்குக் கட்டணமின்றித் தற்காலிக அனுமதி வழங்கும் முறை வந்தது.

2014இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பாவின் இஸ்தான்புல் உடன்படிக்கை தன் 59ஆம் உறுப்புரையில், பாதிக்கப்பட்டவருக்குத் துணைவரைச் சாராத வதிவுரிமை வழங்கப்பட வேண்டும் எனக் கூறுகின்றது. ஆயினும் பிரித்தானியா 2022இல் அதனை ஏற்றபோது அவ்வுறுப்புரைக்கே ஒதுக்கீடு தெரிவித்தது. குற்றவாளியை வெளியேற்றுவதில் ஒருமித்து விரைந்த அரசுகள், பாதிக்கப்பட்டவளை இருத்திக்கொள்வதில் தயங்கித் தயங்கியே அடியெடுத்து வைத்தன என்பது இவ்வரலாற்றினாற் பெறப்படும்.

மொன்றியல் வழக்கு

நாடுகடத்தல் நீதியின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் என்ன நேரும் என்பதற்கு மொன்றியல் நகரில் நிகழ்ந்த வழக்கொன்று தக்க எடுத்துக்காட்டாகும். 2012 ஆகஸ்டில் இலங்கைத் தமிழ்ப் பெண் ஒருவர் அந்நகரில் தம் வீட்டிற் கொல்லப்பட்டார். அவருடைய கணவர் மீது இரண்டாம் தரக் கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. மனைவியைத் தாக்கிய குற்றத்திற்காக அவர் ஏற்கெனவே தண்டிக்கப்பட்டிருந்தார். விசாரணை தொடங்காமலே அவர் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் மறியலில் இருந்தார்.

இதற்கிடையில், 2016 யூலையிற் கனடிய உச்ச நீதிமன்றம் ஜோர்டான் வழக்கில், மேல்நிலை நீதிமன்ற வழக்குகள் முப்பது மாதத்துள் முடிதல் வேண்டும் என வரம்பு வகுத்தது. இதனைப் பின்பற்றி 2017 ஏப்பிரலில் கியூபெக் மேல்நிலை நீதிமன்றம் மொன்றியல் வழக்கை நிறுத்திவைத்தது. கணவர் குற்றவாளி எனவும் தீர்க்கப்படவில்லை. நிரபராதி எனவும் தீர்க்கப்படவில்லை. எனினும் அவர் விடுதலையாகி வீடு செல்லவும் இல்லை. முன்னைய தாக்குதற் குற்றங்களைக் காரணமாகக் கொண்டு குடிவரவு அதிகாரிகள் அவரைத் தடுத்துவைத்து, அதே ஆண்டு யூலையில் இலங்கைக்கு நாடுகடத்தினர். அரசதரப்பின் மேன்முறையீடு அதன் பின்னரும் தொடர்ந்தது. 2019இல் கியூபெக் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதிகள் கருத்து வேறுபட்டுப் பெரும்பான்மையினர் வழக்கு நிறுத்தத்தை உறுதிசெய்தனர். 2020 யூலையில் உச்ச நீதிமன்றமும் அதனையே உறுதிசெய்தது.

இவ்வழக்கினைச் சட்டத்தின் வெற்றி எனக் கொள்ளுவோரும் உளர். ஆபத்தானவர் எனக் கருதப்பட்ட ஒருவர் கனடாவிலிருந்து அகற்றப்பட்டார் அல்லவா என்பர். ஆனால் இறந்த பெண்ணின் பக்கம் நின்று நோக்கின் வேறொன்று தெரியும். அவள் எவ்வாறு இறந்தாள், அதற்கு யார் பொறுப்பு என்ற வினாவுக்கு எந்நீதிமன்றமும் விடை கூறவில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவர் பக்கம் நின்று நோக்கினும், தம்மீது சுமத்தப்பட்டதை மறுத்து வாதாடி முடிவு காணும் வாய்ப்பு அவருக்கும் கிட்டவில்லை. அடித்ததற்காக ஒருவரை வெளியேற்றச் சட்டத்திற்குச் சில மாதங்களே போதியனவாயின; கொலைக்குற்றத்தை விசாரிக்க ஐந்து ஆண்டுகளும் போதவில்லை. விமானம் புறப்பட்டதும் ஒரு நாட்டின் பொறுப்பு முடிந்தது. நீதி இரு நாடுகளுக்கும் நடுவில் எங்கோ கைவிடப்பட்டது.

திரும்பி வருபவனும் ஊரும்

வன்முறைக் குற்றத்திற்காக நாடுகடத்தப்பட்டு வருபவனை இலங்கையில் எதிர்கொள்ளும் சட்டம் யாது? 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டமே இவ்விடயத்தில் முதன்மையானது. துன்புறுத்தப்பட்டவரோ, துன்புறுத்தப்படும் ஆபத்திலுள்ளவரோ நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பித்து இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளையை முதலிலும், பின்னர்ப் பன்னிரண்டு மாதத்திற்கு மேற்படாத பாதுகாப்புக் கட்டளையையும் பெறலாம். அக்கட்டளையை மீறுவோருக்குப் பத்தாயிரம் ரூபாவரை தண்டப்பணமோ ஓராண்டுவரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நெல்லியடியைச் சேர்ந்த ஒரு பெண் இதற்காகப் பருத்தித்துறை நீதவான் நீதிமன்றத்தை நாடுகின்றாள்.

இச்சட்டம் நன்று, எனினும் அது கண்முன் உள்ள ஆபத்தையே காணவல்லது. ரொறன்ரோ நீதிமன்றம் ஒன்று கணவனுக்கு விதித்த தடைக் கட்டளை பருத்தித்துறையிற் தானாகவே செல்லுபடியாவதில்லை. அவன் எக்குற்றத்திற்காகத் திருப்பி அனுப்பப்பட்டான் என்பதை ஊரிற் பெண்கொடுப்போர் அறிந்துகொள்ளும் வழியும் இல்லை. "விசாப் பிரச்சினையால் வந்துவிட்டான்" என்ற ஒரு சொல்லினுள் அனைத்தும் மறைந்துவிடலாம். அவன் மறுமணம் செய்ய முற்பட்டால் வரப்போகும் பெண்ணுக்கு யாரும் எச்சரிக்கை சொல்வதில்லை. முறையிட்ட மனைவியின் பெற்றோர் அதே ஒழுங்கையிலேயே வாழ்ந்துகொண்டிருக்கலாம். அவளுடைய முறைப்பாட்டின் பழியை அவர்கள் வாசலில் வந்து தீர்க்க அவன் முற்படலாம். கனடாவுக்கு ஆபத்து நீங்கியது. ஆபத்து இல்லாமற்போகவில்லை, இடம் மாறியது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, குடும்ப வன்முறை பற்றிய குடிவரவுச் சட்டங்கள் நூறாண்டுக்கு மேற்பட்ட இரு கொள்கைகளின் வாரிசுகள் என்பது தெளிவாகும். தீய அந்நியனை அகற்றும் கொள்கை காலந்தோறும் வலுப்பெற்று வந்துள்ளது. மனைவியைக் கணவனின் நிழலாகக் கருதும் கொள்கை தளர்ந்துவந்துள்ளதாயினும் முற்றாக மறையவில்லை. ஒன்று விரைவாகவும் மற்றையது மெதுவாகவும் மாறியதன் இடைவெளியிலேயே புலம்பெயர் பெண்ணின் மௌனம் பிறந்தது.

அவ்விடைவெளியை நிரப்புதல் அரிதன்று. முறையிடும் பெண்ணின் வதிவுரிமை கணவனின் கையொப்பத்தினின்றும் விடுவிக்கப்படல் வேண்டும். அவ்வாறாயின் அவள் அவனுடைய விதியையும் தன்னுடைய விதியையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டிய கொடுமை நீங்கும். விசாரணையும் தீர்ப்பும் முதலிலும், வெளியேற்றம் அதன் பின்னரும் நிகழ வேண்டும். வெளியேற்றம் தீர்ப்புக்கு மாற்றாகிவிடலாகாது. அனுப்பும் நாடும் ஏற்கும் நாடும் பாதுகாப்புக் கட்டளைகளைப் பரிமாறி மதிக்கும் ஒழுங்கொன்றும் காணப்படல் வேண்டும்.

சமூகத்திற்கும் ஒரு கடமை உண்டு. ஊரில் வாழ்ந்த காலத்தில் பெண்ணின் வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே வந்து கேட்க ஓர் அண்ணன் இருந்தான். கடல் கடந்தபோது சமூகம் கோயிலைக் கொண்டுசென்றது, பாடசாலையைக் கொண்டுசென்றது, ஊர்ச்சங்கத்தையும் பழைய மாணவர் சங்கத்தையும் கொண்டுசென்றது. கேட்கும் அந்த உறவை மட்டும் அது கொண்டுசெல்லவில்லை. வரன் பேசும் வேளையில் மாப்பிள்ளையின் சம்பளத்தையும் வதிவுரிமையையும் விசாரிக்கும் பெற்றோர், அவனுடைய கையையும் நாவையும் விசாரிக்கத் தொடங்குவார்களாயின், நாடுகடத்தும் சட்டங்களுக்கு வேலை குறையும். முறையிட்டு வந்த மகளைப் பழி கூறாது ஏற்றுக்கொள்ளும் வீடு ஊரில் ஒன்று உண்டு என்பது அவளுக்குத் தெரிந்தால், அவள் மௌனமும் அவ்வளவு நீளாது.